தூக்கினால் தெரியும்

கிழவி திரும்பியிருந்தாள்.

ஃபெர்னாக் பள்ளத்தாக்கில் அவள் எப்போதும் ஓடை போகும் திசையைப் பார்த்துத்தான் இருப்பாள். கிழவி என்றால் கல். முழங்கால் உயரம், நடுவில் இடுப்பு ஒடுங்கி, தண்ணீர் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக ஆனவள். பக்கத்தில் புருஷன், அவனும் கல், காலடியில் பிள்ளைகள், எல்லாவற்றிலும் சின்னது ஒரு ரொட்டி அளவு. பின்னால் புல்கூரை போட்ட கல் குடிசை, நாய்க்கூண்டைவிடக் கொஞ்சம் பெரிது. மே முதல் தேதி குடும்பத்தை வெளியே எடுத்து வைப்பார்கள். அக்டோபர் கடைசி நாள் உள்ளே வைத்து, வாசலைப் பாசியால் அடைத்துவிடுவார்கள். இன்று அந்தக் கடைசி நாள். கிழவியோ ஓடையை விட்டுவிட்டு, பேருந்து நிற்கும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டூகலுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவன் வாயை வைத்தேதான் பிழைத்தான். வெளியூர்க்காரர்களைச் சின்னப் பேருந்தில் ஏற்றி, எந்த மேட்டில் எந்தக் குலம் எந்தக் குலத்தை வெட்டியது என்பதில் தொடங்கி, ஆட்டு ஈரல் அடைத்துச் சமைக்கும் ஹேகிஸ் பண்டத்தை மலைச்சரிவில் ஓடும் மூன்று கால் பிராணி என்று கூசாமல் புளுகுவது வரை அவனுக்கு அத்துப்படி. இன்று அந்த வாய் திறக்க மறுத்தது.

காரணம் ஆகஸ்டில் நடந்தது. தன் பாட்டனுக்குப் பாட்டன் இந்தப் பள்ளத்தாக்குக்காரன் என்று கனடாவிலிருந்து கண்ணீரோடு வந்த ஒருத்தி, சின்னதைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டாள். பண்ணைக்காரி ஜெசியின் வீட்டாரைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. டூகலுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. தூக்கிக் கொடுத்தான். ஓடைக்கரையில் அவள் கை வழுக்கி, கல் தண்ணீருக்குள் போய்விட்டது. மழை பெய்து ஓடை பொங்கிக்கொண்டிருந்த நேரம். தோள்வரை கையை விட்டுத் துழாவியும் கிடைக்கவில்லை. மறுநாள் தனியாக வந்து, அதே சாயலில் ஒரு கல்லைப் பொறுக்கி அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான். பிறகு வந்த அத்தனை பேரும் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"யாருடா இவளத் திருப்பி வெச்சது?" ரப்பர் பூட்ஸ் சளப் சளப்பென்று சத்தமிட ஜெசி வந்து நின்றாள். ஐம்பது வயதிலும் ஆட்டைத் தோளில் தூக்கிப் போடுகிறவள்.

"ஆடு இடிச்சிருக்கும்," என்றான் டூகல்.

"ஆடா? நானே ரெண்டு கையும் குடுத்துத் தூக்கினாத்தான் அசைவா. இந்தப் புளுகெல்லாம் உன் பஸ்ல வர்றவங்களோட வெச்சுக்க."

பேருந்தில் வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெசி கல் குடும்பத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குடிசைக்குள் வைத்தாள். எங்கோ மூடுபனிக்குள் ஒரு கலைமான் அடித்தொண்டையில் கத்தியது. காய்ந்த பெரணியும் ஈர ஆட்டு ரோமமும் கலந்த வாடை காற்றில் இருந்தது. கடைசியாகச் சின்னதைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன இது, லேசா இருக்கு?"

"வெயில்ல காஞ்சிருக்கும்."

"இந்த ஊர்ல வெயிலா?" அவள் சிரிக்கவில்லை. கல்லைக் கையில் ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "இது வருஷா வருஷம் கனக்கும் டூகல். பிள்ளைன்னா வளரத்தானே செய்யும்?"

"பாத்தா எல்லாக் கல்லும் ஒண்ணுபோலதானே இருக்கு?" என்றாள் இங்க்ரிட். ஜெர்மனியிலிருந்து வந்த, எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிற பெண்.

"பாத்தாத் தெரியாதும்மா. பெத்தவளுக்குத் தூக்கினாத் தெரியும்."

சொல்லிவிட்டு ஜெசி டூகலை ஒரு பார்வை பார்த்தாள். அவன் பூட்ஸ் நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்துகொண்டான். அவள் வாசலில் பாசியைத் திணித்து அடைத்தாள். "அவ்வளவுதான். இனி மே மாசம் வரைக்கும் யாரும் இதுல கை வெக்கப்படாது."

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. மலையையும் ஏரியையும் ஒட்டி ஊருக்குத் திரும்பும் அந்தச் சாலையில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அங்கங்கே ஓர் இடம் விட்டிருப்பார்கள். பேருந்தை ஓட்டிக்கொண்டே டூகல் வீட்டைப் பற்றி நினைக்க முயன்றான். இன்று பிள்ளைகள் முகமூடி போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடி மிட்டாய் வாங்கும் நாள். அவன் மகள், நாலு வயது எஃபிக்கு இதுதான் முதல் வருஷம். மாவுச் சாக்கில் கண் வெட்டி முகமூடி செய்து கொடுத்திருந்தான். கயிற்றில் தொங்கும் வெல்லப்பாகு ரொட்டியைக் கை படாமல் கடிக்க வேண்டும் என்று நேற்று முழுக்க வாயைத் திறந்து திறந்து பழகிக்கொண்டிருந்தாள். கொழுகொழுவென்று இருப்பாள். தினமும் ராத்திரி மாடிப்படியில் தூக்கிப் போகும்போது, "ஐயோ, என் மூட்டையே!" என்று அவன் முனகுவான், அதைக் கேட்கவே இன்னும் தொங்குவாள். திரும்பி வரும்போது தோளில் தூக்கி வருவதாக வாக்குக் கொடுத்திருந்தான்.

"டூகல், அந்தப் பாட்டியம்மா நனையறாங்களே, ஏத்திக்கலாமே?" பின்சீட்டிலிருந்து இங்க்ரிட்.

"எந்தப் பாட்டி?"

"ஒதுங்கற எடத்துல நின்னாங்களே. தாண்டிட்டோம்."

கண்ணாடியில் பார்த்தான். இருட்டும் தூறலும் மட்டும். இந்தச் சாலையில் ஊர்வரை வீடே கிடையாது. "கல்லா இருக்கும்," என்றான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

பேருந்துக்குள் ஓடைப்பாசி வாடை வந்தது. ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். வாடை குறையவில்லை, கூடியது.

"அதோ, மறுபடியும் அவங்கதான்!" இங்க்ரிட்டின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நமக்கு முன்னாடி எப்படி வந்தாங்க?"

"என்ன பண்றாங்க?" என்று கேட்டவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

"சும்மா நிக்கறாங்க. கைய நீட்டிக்கிட்டு. கொழந்தையக் குடுன்னு கேப்பாங்களே, அந்த மாதிரி."

ஊரைப் பார்த்து நின்றார்களா, நம்மைப் பார்த்தா என்று கேட்க நினைத்தான். கேட்கவில்லை. மனைவி ரோனாவைக் கைப்பேசியில் கூப்பிட்டான். பள்ளத்தாக்கில் சிக்னல் ஏது? வண்டியை விரட்டினான். பின்னால் யாரோ மெதுவாகப் போகச் சொன்னார்கள். மூன்றாவது ஒதுங்கும் இடத்தைத் தாண்டியபோது இங்க்ரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகத்தை மட்டும் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

விடுதி வாசலில் அவர்களை இறக்கிவிட்டு, நன்றி சொல்ல வந்தவர்களை நிற்க விட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடினான். தெருவில் டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்குகளோடு பிள்ளைகள் பாடிக்கொண்டு போனார்கள். சாக்கு முகமூடி ஒன்றுகூட இல்லை.

ரோனா சமையலறையில் நாற்காலியில் சாய்ந்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்து. "பயப்படாத. வந்துட்டா. பாலத்துக்கிட்ட என் கைய விட்டுட்டா, டூகல். ரொட்டிப் பாகு மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே ஓடினா. தேடித் தேடி எனக்கு உயிரே போச்சு. அப்புறம் ஒரு பாட்டியம்மா தூக்கிட்டு வந்து வாசல்ல விட்டாங்க. தொப்பலா நனைஞ்சிருந்தாங்க, பாவம். உள்ள வாங்கன்னேன், வரல."

"எஃபி எங்க?"

"மேல. அவளே ஏறிப் போய்ப் படுத்துட்டா. முகமூடியக்கூட கழட்டல."

படிகளில் ஓடைப்பாசி வாடை அடித்தது.

கட்டிலில் படுத்திருந்தாள். மாவுச் சாக்கைக் கழற்றினான். எஃபிதான். அதே மூக்கு, அதே புருவத் தழும்பு. மூச்சு சீராக வந்தது. டூகல் அழுதுவிட்டான். என்ன பயம், என்ன பைத்தியக்காரத்தனம்! முகம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. அதில் பாகு இல்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. குனிந்து, எப்போதும்போல் இரண்டு கையையும் கொடுத்து, மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினான்.

மூட்டை மேலே வந்துவிட்டது. தலையணைபோல்.

அவன் கைகளுக்குத் தெரிந்துவிட்டது.

கீழே படுக்க வைத்தான். அது கண்ணைத் திறக்கவில்லை. சிரித்தது. கதவருகே ரோனா, "என்ன ஆச்சு, டூகல்?" என்றாள். "அவளத் தூக்காத," என்றான். "நான் வர்ற வரைக்கும் தூக்காத." அவள் கேட்டது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

பேருந்தை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குக்குத் திரும்பினான். சாலையில் யாரும் நிற்கவில்லை. ஒதுங்கும் இடங்களெல்லாம் காலி. அது இன்னும் மோசமாக இருந்தது. நிற்க வேண்டியவள் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

குடிசை. தூறல். ஓடைச் சத்தம். ஜெசி அடைத்த பாசி அடைத்தபடியே இருந்தது. பிய்த்தான். நகத்தில் ரத்தம் வந்தது. பிய்த்தான். கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே பிடித்தான்.

புருஷன். பிள்ளைகள். கிழவி வாசலுக்கு முதுகைக் காட்டி, உள்ளே பார்த்து ஒருக்களித்திருந்தாள், பால் குடிக்கும் பிள்ளையோடு படுத்தவள்போல். சின்னது அவளுக்கும் சுவருக்கும் நடுவில்.

அவளைச் சுற்றிக் கையை விட்டான். தொட்டான். கல் வெதுவெதுப்பாக இருந்தது. விரல் ஒட்டியது. முகர்ந்தான்.

வெல்லப்பாகு.

ஒரு கையால் இழுத்தான். அசையவில்லை. கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கையும் கொடுத்துத் தூக்கினான். ரொட்டி அளவுதான். ஆனால் தோள் இறங்கியது, முதுகு வளைந்தது. மாடிப்படியில் ஒவ்வொரு ராத்திரியும் தூக்கிய அதே கனம். ஒரு பொட்டுக் கூடவில்லை, குறையவில்லை. நெஞ்சோடு அணைத்தான். அது சரிந்து அவன் கழுத்துக் குழிக்குள் வந்து பொருந்தியது.

"என் மூட்டையே," என்றான்.

காதுக்கருகில், தூக்கத்தில் பிள்ளைகள் விடுவதுபோல் ஒரு சின்னப் பெருமூச்சு.

எழுந்திருக்கப் பார்த்தான். கனம் எழ விடவில்லை. தரையில் கிடந்த கைப்பேசியின் வெளிச்சம் குடிசைக்குள்ளேயே விழுந்துகொண்டிருந்தது.

கிழவி திரும்பியிருந்தாள்.

இப்போது அவளுக்குக் கைகள் இருந்தன.