ஒரு விரல் ஆழக் குளம்

குளம் இறுகாததற்கு அவனேதான் காரணம். ஆபீஸ் களைப்பில், தண்ணீர்போல் தெரியும் ரெசின் பிசினை ஊற்றியவன், அதைக் கெட்டியாக்கும் ஹார்ட்னரைக் கலக்க மறந்துவிட்டான். டீயில் சர்க்கரை குறைந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள். இப்போது யாரிடம் போய் முகத்தைத் தூக்குவது?

மேசைமேல் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் நண்பர்களுக்காகத் தக்கையிலும் அட்டையிலும் செய்த கோட்டை அது. நாளை ஆட்டம். கோட்டை நடுவே சாப்பாட்டுத் தட்டளவு குளம். ஆழம் ஒரு விரல். மிச்சமெல்லாம் ஏமாற்று வேலை. அடியில் கரையோரம் பச்சை, நடுவே கறுப்பு என்று வண்ணம் அடித்துவிட்டால் பார்ப்பவர் கண் பாதாளம் வரை போய்வரும்.

எவ்வளவு இளகியிருக்கிறது என்று பார்க்க ஐஸ் குச்சியை நடுவில் விட்டான். குச்சி இறங்கியது. விரலிலிருந்து நழுவி, கறுப்புக்குள் முழுதாகப் போய்விட்டது.

மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஓட்டை இல்லை. ஒரு சொட்டு இல்லை.

"ஏம்மா, இங்க வந்து பாரேன்! குளம் குச்சிய முழுங்கிடுச்சு!"

"நீங்க என் ஹேர் டிரையர முழுங்கலையா? ரெசின்ல குமிழி உடைக்கணும்னு வாங்கிட்டுப் போய் எத்தன நாளாச்சு!" உள்ளறையிலிருந்து மனைவி.

"மேசையிலதான் கிடக்கு. வந்து எடுத்துக்கோ."

கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. எங்கே இருக்கே என்று கேட்டால் "உங்க தலையெழுத்துல" என்பாள். அந்த வாய்க்காகத்தான் அவளைக் கட்டிக்கொண்டதே.

குச்சியைப் பற்றி யோசிக்கத் தெம்பில்லை. சீக்கிரம் இறுகும் ரெசினை மேலே ஏடுபோல ஊற்றி மூடிவிட்டால் போதும், அடியில் இளகியிருப்பது எவன் கண்ணுக்குத் தெரியும்? வாடைக்குப் பயந்து பால்கனியில் நின்று, இம்முறை ஹார்ட்னர் சேர்த்து, கை கடுக்கக் கலக்கினான். திரும்பி வந்தபோது டிரையரின் ஒயர் மேசை விளிம்பில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஊற்றினான். கண்ணாடி போலப் பரவியது. நாற்காலியில் சாய்ந்தவன் கண்ணயர்ந்துவிட்டான்.

விழித்தபோது வீட்டில் மின்விசிறி முனகலும், தொண்டையைக் கரிக்கும் ரெசின் வாடையும், அவற்றுக்கு அடியில் ஏதோ தட்டுகிற மாதிரி மெல்லிய ஓசையும் இருந்தன.

"ஏம்மா?"

உள்ளறையில் இல்லை. சமையலறையில் இல்லை. குளியலறை திறந்து கிடந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது.

மேசையருகே அவளுடைய வீட்டுச் செருப்பு. ஒன்றுதான்.

டொக்.

குளத்தைத் தொட்டான். கல். கறுப்பிலிருந்து ஒரு குமிழி ஏறி வந்தது. மேலேட்டில் முட்டியது. தட்டையாகி நின்றது. பின்னால் இன்னொன்று.

அதன் பின்னால், நகத்தளவே தெரிந்த ஓர் உள்ளங்கை.

குளத்தின்மேல் குனிந்து மனதுக்குள் கெஞ்சினான். எப்போதும்போல் ஏதாவது எகத்தாளமாகச் சொல்லிவிடு தாயே.

"எங்கம்மா இருக்கே?"

"குளத்துக்குள்ள இருக்கேங்க. நீங்கதான் மூடிட்டீங்க."