கை தூக்கினால் கேட்டது என்று அர்த்தம்

மதியம் சாப்பிட்டுவிட்டு ஊரே கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில், பைன் மரத்தடியில் கார் வந்து நின்றது. மறுநாளிலிருந்து சுற்றுலாக் கூட்டம் வரும். அதற்குள் படிப்படியாக ஏறும் பழைய கல் அரங்கத்தில் குரல் சோதித்தாக வேண்டும். அர்கிரோ அங்கே வழிகாட்டி, அவள் கணவன் ஸ்ட்ராதிஸ் காவலாளி. தூங்கிக்கொண்டிருந்த மகள் மிர்த்தோவை அவன் தூக்கிவந்து முதல் வரிசையில் படுக்க வைத்தான்.

“மேல நீயே ஏறு. எனக்கு மூச்சு வாங்குது” என்றான்.

“ஈஸ்டர் ஆட்டுக்கறியை ஒத்த ஆளா முழுங்கினா வாங்காதா?”

கீழே நடுவட்டத்துக் கல்லில் நின்று கிசுகிசுத்தால், உச்சிப் படியில் காதோடு பேசியது போலக் கேட்கும். மேலிருந்து பேசுவது கீழே அப்படி எட்டாது. அதனால் மேலே இருப்பவர், காதில் விழுந்தது என்று காட்டக் கையைத் தூக்குவார். மிர்த்தோவுக்கும் அது பிடித்த விளையாட்டு.

அர்கிரோ உச்சியில் உட்கார்ந்து, செருப்புக்குள் புகுந்த கல்லை உதறினாள். குருவிச் சத்தம் சட்டென்று நின்றது. தூர் வாராத கிணற்றின் வாடை அடித்தது.

“குழந்தையைக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

காதோடு வந்தது கிசுகிசுப்பு. காருக்குக் கூட்டிப்போக ஸ்ட்ராதிஸ்தான் கேட்கிறான் என்று நினைத்தாள். குனிந்தபடியே பழக்கத்தில் கையைத் தூக்கினாள்.

நிமிர்ந்தபோது ஸ்ட்ராதிஸ் வெளிவாசலில் வந்துகொண்டிருந்தான். இரண்டு கையிலும் காபி.

கல்லின் மேல் யாருமில்லை.

மிர்த்தோ எழுந்து நடந்துகொண்டிருந்தாள். வலது கை மட்டும் உயர்ந்திருந்தது, உயரமான யாரோ விரலைப் பிடித்திருப்பது போல. மேடையோரத்து இருட்டு வழியை நோக்கிப் போனாள்.

“மிர்த்தோ!”

அவள் திரும்பவில்லை.

அர்கிரோ விழுந்து புரண்டு, முழங்கால் கிழிய இறங்கினாள். இருட்டின் வாயிலில் மகளை வாரி எடுத்தாள். அந்தப் பிஞ்சுக் கை ஈரமாக, சில்லிட்டிருந்தது.

காபியைப் போட்டுவிட்டு ஸ்ட்ராதிஸ் ஓடிவந்தான். “என்னடி ஆச்சு? நான் காருல இருந்து காபி எடுக்கத்தானே போனேன்!”

“அப்ப... அப்ப கேட்டது யாரு?”

மிர்த்தோ அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அவங்க உன்கிட்ட கேட்டுட்டுத்தானே கூப்பிட்டாங்க? நீதானேம்மா கை தூக்கினே?”

அதற்குமேல் இருவரும் அங்கே நிற்கவில்லை. அவன் காரை விரட்டினான். அவள் பின் சீட்டில் மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“இனிமே அங்க வேலையே வேணாம், ஸ்ட்ராதிஸ்.”

“வேணாம். சத்தியமா வேணாம்.”

மலை மறைந்தது, கடல் வந்தது. மிர்த்தோ அயர்ந்து தூங்கிவிட்டாள். அர்கிரோவுக்கு அப்போதுதான் மூச்சு சீரானது. இனி எந்தக் கிசுகிசுப்பும் எட்டாத தூரம் என்று நினைத்தாள்.

அடைத்த காருக்குள் கிணற்று வாடை அடித்தது.

தூக்கத்திலேயே மிர்த்தோ மெல்லக் கையைத் தூக்கினாள்.