தேய்க்கக் கூடாத காசு

நேற்றுவரை அந்தக் காசிலிருந்த ராஜாவுக்கு மூக்கு இல்லை. இன்று இருந்தது.

க்ளைவ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சமையலறை விளக்கடியில் மறுபடி பார்த்தான். இங்கிலாந்தில் லிங்கன் நகருக்குப் பக்கத்தில் உழுது போட்ட வயலில், அவனுடைய உலோகம் தேடும் கருவி கீச்சிட்டுக் காட்டிக் கொடுத்த நார்மன் காலத்து வெள்ளிக் காசு அது. அந்தக் காலத்தில் அச்சின்மேல் சுத்தியலால் அடித்தவன் அரைமனதாக அடித்திருக்க வேண்டும்; கிரீடம் மட்டும் பதிந்து, முகம் மொழுக்கென்று கிடந்தது. இப்படிப்பட்ட காசைத் தேய்க்கவே கூடாது என்பது சேகரிக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். க்ளைவுக்கும் தெரியும். ஆனால் கட்டைவிரல் கேட்டால்தானே. போன வாரம் ஒரு மாலை, டிவி பார்த்தபடியே தேய்த்ததில் ஒரு கண் எழும்பி வந்தது.

"செத்த ராஜாவக் கொஞ்சுனது போதும், டீ ஆறுது," என்றாள் மோரீன் அன்று. நிமிர்ந்தவன் மனைவியின் இடது புருவத்தைக் காணாமல் விழித்தான். அழகு நிலையத்துப் பெண் கைவரிசையைக் காட்டிவிட்டாள் போல என்று நினைத்துச் சிரித்தான், பாவி. சிரித்துவிட்டு மேலும் தேய்த்தான்.

இப்போது மோரீன் வாசலில் நின்றாள். மூக்கு இருந்த இடம் லேசாகத்தான் மேடிட்டிருந்தது.

"க்ளைவ், என் மூஞ்சியத் தொட்டுப் பாரேன். மரத்துப் போச்சு. எனக்கு ஒண்ணுமே தெரியல."

தொட்டான். குளிர்ந்த உலோகத்தின் வழவழப்பு. அவள் அழுதுகொண்டே மாடியேறிக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தேய்த்ததால்தானே ராஜா வந்தான்? அவனை அழித்துவிட்டால் அவள் வந்துவிடுவாள். வந்தாக வேண்டும். முப்பது வருடமாகப் பார்த்த முகம். க்ளைவ் கொட்டகைக்கு ஓடி அரத்தை எடுத்து வந்தான். காசை மேசையில் அழுத்திப் பிடித்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு அராவினான். வெள்ளி கிறீச்சிட்டது. பல் கூசியது.

"க்ளைவ்!" மாடியிலிருந்து அலறல். "எரியுது! கன்னம் எரியுது!"

உணர்ச்சி திரும்பிவிட்டது! அவனுக்கு அழுகையே வந்தது. "பொறுத்துக்கோ கண்ணு, சரியாகிடும்!" என்று கத்தினான். இன்னும் வேகமாக. இன்னும் அழுத்தி.

அலறல் குழறலாகியது. குழறல் முனகலாகியது.

பிறகு அதுவும் இல்லை.

கண்ணைத் திறந்தான். காசில் ஒரு கீறல்கூட இல்லை. கண், மூக்கு, வாய், எல்லாம் துல்லியமாக.

மேசையில் பொடி குவிந்திருந்தது. வெள்ளி நிறமில்லை. இளஞ்சிவப்பு. வெதுவெதுப்பாக.

குளியலறைக் கதவு திறந்தது. மாடிப்படி முனகியது. கைப்பிடியைத் தடவித் தடவி அவள் இறங்கி வந்தாள். அவனுடைய மூச்சுச் சத்தத்தை வைத்து அவன் பக்கம் திரும்பினாள்.

கண்ணில்லை. வாயில்லை. அந்த வழவழப்பின்மேல், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை, அரத்தின் புதுக் கோடுகள் மட்டும்.