எலிசபெத்தின் பூக்காத நாஸ்டர்ஷியம்

"அண்ணே, ஜமுனா என் பூச்செடில வர்ற மொக்கெல்லாம் கிள்ளிப் போடுறா. ஸ்டேஷனுக்குப் போறேன், நீயும் வா," என்று வாசலில் வந்து நின்றாள் எலிசபெத்.

ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு தங்கவேலுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ கசந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் வலை காணாமல் போனாலும் அவர், கோழி காணாமல் போனாலும் அவர். இப்போது மொக்கு! ஆனால் எலிசபெத்தும் பக்கத்து வீட்டு ஜமுனாவும் கல்யாணமாகி வந்த நாள் முதல் ஏரியில் ஒன்றாக இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். விஷயம் ஸ்டேஷன் படியேறினால் அந்தச் சிநேகம் அத்தோடு சரி. முணுமுணுத்துக்கொண்டே சட்டையை மாட்டினார். மைத்துனன் கோதண்டம் கூப்பிடாமலே கூட வந்தான்.

எலிசபெத்தின் மகள் ஊட்டியிலிருந்து வாங்கிவந்த ஒரே பாக்கெட் நாஸ்டர்ஷியம் பூவிதையைத்தான் இரண்டு வீட்டிலும் பங்கிட்டு ஊன்றியிருந்தார்கள். எலிசபெத்தின் தொட்டிகளில் உள்ளங்கை அகலத்துக்கு இலை, பூ மட்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம், ஜமுனாவின் வெறும் மணலில் நோஞ்சான் கொடிகள் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தன.

"மாமா, சேத்துக் காலடி! புடிச்சிட்டேன்!" என்று கத்தினான் கோதண்டம்.

"உன் காலுடா அது. இப்பதான மிதிச்ச?"

தங்கவேல் எலிசபெத்தின் தொட்டிகளருகே குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கொடியாகத் தூக்கிப் பார்த்தார். கிள்ளிய காம்பு ஒன்றுகூட இல்லை. மண்மேல் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன. ஒரு பூனை எவ்வளவு விரட்டியும் தொட்டியை விட்டு நகரவில்லை.

"இதுக்கு இன்னா ஊத்துற?"

"மீன் கழுவுன தண்ணிண்ணே, தெனமும். என் முருங்க அதக் குடிச்சிதான் அப்புடி காய்க்குது."

தங்கவேல் தலையில் அடித்துக்கொண்டார். ஜமுனாவையும் வேலியோரம் கூப்பிட்டார்.

"கிள்ளியிருந்தா காம்பாவது நிக்கணும். ஒண்ணுகூட இல்ல. அப்போ மொக்கே வைக்கல. ஒரே வெத, ஒரே வெயிலு. வித்தியாசம் மீன் தண்ணிதான். மண்ணு கொழுத்தா இந்தச் செடி எலையாத்தான் வுடும். போலீஸ் குவாட்டர்ஸ்ல சாணியக் கொட்டி நானும் இதே பாடு பட்டேன். வெறும் தண்ணி ஊத்து, பூக்கும்."

"அப்போ திருடன் யாரு மாமா?" என்றான் கோதண்டம்.

"வாய மூட்றா!"

எலிசபெத் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாம சொல்லிட்டேன், ஜமுனா."

"செடி பூத்துடும், எலிசு," என்றாள் ஜமுனா. "மீன் ஏலத்துல எல்லார் முன்னாடியும் என்னத் திருடின்னியே. இப்போ என் கூட யாரும் ஏரில எறங்க மாட்றாங்க."

எலிசபெத் அழுதேவிட்டாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஜமுனாவின் கையைப் பிடித்து ஏலக்கூடத்துப் பக்கமாக இழுத்தாள்.

"வா. அங்கயே, எல்லார் முன்னாடியும் சொல்றேன்."