உயிருள்ளவற்றில் மட்டும்

மாவிலையில் இருந்த கறுப்பும் வேப்பிலையில் இருந்த கறுப்பும் ஒன்றாகவே இருந்தன.

மேர்சி நுணுக்குக்காட்டியில் மறுபடி பார்த்தாள். அதே இழைகள். அதே நிமிர்ந்த மயிர்கள். அதே வித்திகள். அப்படி இருக்க முடியாது. மெலியோலா என்ற, இலைமேல் பூஞ்சையாகப் படரும் அந்தப் பங்கசுச் சாதியில் எத்தனையோ இனங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று ஒரு மரமோ அம்மரத்தின் உறவோ இருக்கும். மாவில் வளர்வது வேம்புக்குப் போகாது. இனம் பிரிப்பவர்கள் முதலில் கேட்பதே, எந்த மரத்தில் எடுத்தாய் என்றுதான்.

உயிருள்ள இலையில் மட்டுமே அது வாழும். அந்த விதியை இந்தக் கறுப்பும் மீறவில்லை. கறுப்போடு முற்றத்தில் விழுந்த இலைகள் விடியும்போது சுத்தமாகக் கிடந்தன.

சண்டையில் அவள் வேலைசெய்த விவசாய அலுவலகம் மூடப்பட்டபோது நுணுக்குக்காட்டியைச் சேலையில் சுற்றி பனிச்சங்கேணி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். மழைக்கு முன் நடந்த ஆமிச் சுற்றிவளைப்பில் அவள் புருசன் நோபேட்டைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் கேட்டபோது, அப்படி யாரையும் பிடிக்கவில்லை என்றார்கள். அதன் பிறகு அவள் இலைகளைப் பார்த்தபடியே இருந்தாள்.

"இலைக்குத் தேமல் வந்தா உங்களுக்குத்தான் காய்ச்சல், மச்சாள்," என்றாள் நோபேட்டின் தங்கை அஞ்சலா. பொழுதுபடும் நேரங்களில் அண்ணனுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவாள்.

வாவியிலிருந்து காற்று சேற்று மணத்தையும் அழுகிய சல்வீனியா நீர்ச்செடியின் புளிப்பையும் ஈரச் சுவர்களுக்குள் கொண்டுவந்து விட்டுப்போன அந்த வாரத்தில், கறுப்பு மல்லிகைக்கும் வெற்றிலைக்கும் வந்தது. பிறகு ஆட்டின் காதுக்கு. கதவுப் பலகையில் இல்லை. பாயில் இல்லை.

அஞ்சலா முழங்கையை நீட்டினாள். கழுத்திலும் இருந்தது.

"செடிட பேரத்தானே இதுக்கு வைப்பீங்க? அப்ப எண்ட பேர வையுங்க."

மேர்சி சிரிக்கவில்லை. அவளுடைய மணிக்கட்டிலும் புள்ளிகள் இருந்தன. இலையில் செய்வதுபோலவே நிறமில்லாத கியூடெக்ஸ் நகப்பூச்சை அதன்மேல் பூசி, காயவிட்டு, உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். அதே மயிர்கள். அதே வித்திகள்.

மழை விட்ட ஒரு மாலை படலை திறந்தது. அஞ்சலா ஓடினாள்.

"மச்சாள்! அண்ணன் வந்திட்டார்!"

படலையடியில் அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு சோறு போட ஓடினாள்.

நோபேட் கதிரையில் இருந்தான். சேட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாவிச் சேற்றின் மணம்.

"எங்க வச்சிருந்தாங்க? அடிச்சாங்களா?"

"குளிருது," என்றான்.

மேர்சி குப்பி விளக்கை எடுத்துக்கொண்டு அவனருகே போனாள். சுவரில் ஒரு பல்லி. அதன் முதுகில் கறுப்பு. விளக்கைச் சுற்றிய ஈசலின் வயிற்றில் கறுப்பு. அவன் கையைத் திருப்பினாள். உள்ளங்கையில் இல்லை. விரலிடுக்குகளில் இல்லை. காதின் பின்னால். பிடரியில். சேட்டை விலக்கி நெஞ்சில்.

"என்ன தேடுறாய்?"

"ஒண்டுமில்ல. கொஞ்சம் இருங்க."

ஒரு புள்ளி போதும். கடுகளவு.

தன் மணிக்கட்டை அவன் கழுத்தில் வைத்துத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு உதிர்ந்து அவன் மடியில் தூளாக விழுந்தது. தோலில் ஒட்டவில்லை.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். குளிர்ந்த கை. பிடி இறுகியது.

அஞ்சலா சோற்றுக் கோப்பையுடன் வந்தாள். வெளிச்சத்தில் நின்று கழுத்தைக் காட்டினாள். முழங்கையைக் காட்டினாள்.

"பாருங்க மச்சாள்," என்றாள். "எல்லாம் போயிட்டு."

அவளிடமிருந்தும் சேற்று மணம் வந்தது.