வடிவு வீட்டுச் சுமைதாங்கி

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குமிழ்நகரில், பல் தேய்த்ததும் எல்லாரும் செய்கிற முதல் காரியம் கவலையை இறக்கிவைப்பது. காபிகூட அதற்கப்புறம்தான்.

சிதம்பரநாதன் சமையலறைக்கு வந்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிக் குடுவையில் நெற்றியைப் பதித்தார். "ஆக்சிஜன் ஆலையில ரெண்டாவது பம்பு சத்தம் போடுது. அது நின்னா எண்ணூறு பேரு மூச்சு என் தலையிலதான்" என்று முணுமுணுத்தார். இரண்டே நிமிடத்தில் முகம் தெளிந்துவிட்டது. அடுத்து மகள் முல்லை. "பரீட்சைய நெனச்சாலே கை நடுங்குது. போன வருஷம் மாதிரி சாப்பாடு இறங்காமப் போயிருமோ" என்றவள், நெற்றியை எடுத்ததும் சிரித்தபடி பள்ளிக்கு ஓடினாள். தோசை வார்த்துக்கொண்டிருந்த முல்லையின் அம்மா வடிவு கல்லைத் துடைத்து வைத்தாள்.

குடுவையின் பெயர் சுமைதாங்கி. உள்ளே வெதுவெதுப்பான உப்புநீரில், எலுமிச்சை அளவுக்கு வளர்த்தெடுத்த மூளைத் திசு கிடக்கும். சங்கதி எளிதுதான். மனம் நெருக்கடிப்பட்டால் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு ஊறும். ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் ஊறினால், மனத்தை நிலைப்படுத்தும் செரட்டோனின் சுரந்தாலும் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் மந்தமாகிவிடும். வாசலில் தபால்காரர் நிற்பார், கதவு திறக்காது. அந்த நெருக்கடியை நெற்றி வழியாக இழுத்துக்கொண்டு, நமக்குப் பதிலாகத் தான் கவலைப்படுவது சுமைதாங்கியின் வேலை. மனசுவிட்டுச் சொன்னால் இன்னும் சீக்கிரம் இறங்கும் என்று யாரோ கிளப்பிவிட, குமிழ்நகரமே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது.

வடிவு மட்டும் நெற்றி வைத்ததில்லை. வீட்டில் இருப்பவளுக்கு என்ன பெரிய கவலை என்று அவளே சொல்வாள்.

நான்கு மாதமாக அந்தக் குடுவை பேசியது. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லாதபோது மட்டும். சிதம்பரநாதனின் குரலில் "எண்ணூறு பேரு" என்றது. முல்லையின் குரலில் "சாப்பாடு இறங்கலம்மா" என்றது. துணி போட்டு மூடினாள், துணிக்குள்ளிருந்தும் பேசியது. வெளியே சொல்லப் பயம். குடுவையை எடுத்துப் போய்விட்டால் முல்லையின் பாரம் எங்கே போகும்? போன வருஷம், குடுவையில் நெற்றி வைக்கப் பழகும் முன், பிள்ளை எலும்பும் தோலுமாகக் கிடந்ததை அவளால் இன்னொரு தடவை பார்க்க முடியாது. ஆனால் அன்று காலை, இருவரும் கிளம்பிய பிறகு, குடுவை வடிவின் குரலிலேயே "போதும்" என்றது. அதை யாரும் அதனிடம் சொன்னதே கிடையாது. பழுது பார்ப்பவனை அழைத்தாள்.

பதினொரு மணிக்கு நல்லசிவம் பெட்டியோடு வந்தான். மூடியைத் திருகித் திறந்தான். உள்ளே புளியங்கொட்டை போல ஏதோ கறுத்துச் சுருண்டு கிடந்தது.

"அக்கா, இது செத்து மூணு வருஷம் இருக்கும்."

"அப்ப பேசுறது யாரு?"

அவன் பெட்டியிலிருந்து ஒரு சோதனைத் தாளை எடுத்தான். "நாக்க நீட்டுங்க."

"எனக்கெதுக்கு தம்பி? அவங்களுக்குப் பாருங்க."

"அவங்க ரெண்டு பேரு அளவும் நகரப் பதிவேட்டுல பார்த்துட்டுத்தான் வந்தேன். நல்லாத்தான் இருக்காங்க."

தாள் வடிவின் நாக்கில் பட்டதும் கருநீலமானது. நல்லசிவம் அதை வெளிச்சத்தில் இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான்.

"ஏற்பி முக்கால்வாசி மூடிக்கிச்சுக்கா. இன்னும் ஆறு மாசம் இப்படியே போனா அப்புறம் திறக்காது. குரல் குடுவையில இருந்து வரல."

"அப்ப இவ்வளவு நாளா அவங்க இறக்கிவச்சதெல்லாம்?"

"அவங்க சொன்னாங்க, நீங்க பக்கத்துல நின்னு கேட்டீங்க. அவங்களுக்கு எறங்கிருச்சு." அவன் குரல் தாழ்ந்தது. "இந்த மாசம் நான் திறந்த பதினோராவது குடுவை இது. பதினொண்ணும் செத்துக் கிடந்துச்சு. பதினொரு வீட்லயும் எல்லாரும் சௌக்கியம், ஒருத்தரைத் தவிர."

வைத்தியம் ஒன்றுதான் என்றான். ஒரு மாதத்துக்கு எவர் கவலையும் அவள் காதில் விழக்கூடாது. மருந்தெல்லாம் பிறகு.

வடிவு சுவர்த்திரையில் கணவரைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். சிதம்பரநாதன் அதிர்ந்துபோனார். உண்மையான அதிர்ச்சி, அதில் குறை சொல்ல முடியாது. "ஐயையோ, எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது வடிவு. நீ படுத்துட்டா முல்லைய யாரு பார்ப்பா? நான் ஒத்த ஆளா என்ன செய்வேன்?" பத்து நிமிடம் பேசினார். பேசி முடித்ததும் கொஞ்சம் தேவலை என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

நல்லசிவம் பெட்டியைப் பூட்டி, குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரை போனான். போனவன் நின்றான். கதவு நிலையை நகத்தால் சுரண்டினான்.

"என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா." போகவில்லை. "எங்க வீட்லயும் இதத் திறந்து பார்க்கணும். பயமா இருக்கு. அம்மா ரெண்டு மாசமா ஒரு வார்த்தை பேச மாட்டேங்குறாங்க. இத யாருகிட்டயும் சொல்ல முடியல."

அவன் கண் கலங்கியிருந்தது. வடிவுக்குத் தலை கிறுகிறுத்தது. வேண்டாம், கேட்காதே என்று உள்ளுக்குள் கதறினாள். அதற்குள் அவள் கை முக்காலியை இழுத்துப் போட்டிருந்தது.

"உள்ள வந்து உக்காருங்க தம்பி. அம்மாவுக்கு என்ன?"