நூற்றுப் பத்தொன்பது அலறல்கள்

வீ...ல்!

மூன்றாவது மாடியில் ஒரு பெண்ணின் அலறல்!

அடுத்த நிமிஷம் கதவு இடிபட்டது.

காதில் பஞ்சோடு கதவைத் திறந்தான் அந்த இளைஞன். எதிரே இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால், பச்சை பனியனும் வழுக்கைத் தலையுமாகக் கீழ்வீட்டுக்காரர்.

"பொணம் எங்கடா?"

"எ... எந்தப் பொணம் சார்?"

"காலைலேர்ந்து ஒரு பொண்ணைக் கொன்னுக்கிட்டிருக்கியாமே!"

"நூத்திப் பதினேழு தடவை சார்!" கீழ்வீட்டுக்காரர் காலண்டர் தாளை நீட்டினார். பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். "எண்ணி வச்சிருக்கேன்!"

"ஒரு ஆளை எத்தனை தடவைய்யா கொல்ல முடியும்?"

"அதான் சார் நானும் கேக்கறேன்!"

இளைஞன் ஒதுங்கி வழிவிட்டான். மேஜையைக் காட்டினான். ஒரு லேப்டாப். பக்கத்தில் ஸ்பீக்கரில் ஆபீஸ் போன்.

"கத்துனது அதுதான் சார்... லேப்டாப்ல சவுண்டை இயக்கற புரோகிராம் எழுதறேன். மூடினா தூங்கணும், திறந்தா முழிக்கணும். இருநூறு தடவை மூடித் திறந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. காலைல தங்கச்சி வீடியோ கால்ல கத்தினா. அதே நேரம் நான் மூடிட்டேன். அந்தக் கத்தல் உள்ளேயே மாட்டிக்கிச்சு..."

"தங்கச்சி கத்தறா... நீ மூடிட்டே?"

"அவ கரப்பான்பூச்சிக்கும் கத்துவா சார், பரீட்சை பாஸானாலும் கத்துவா!"

நம்பாமல் மூடியைத் திறந்தார் இன்ஸ்பெக்டர்.

வீ...ல்!

தொப்பி பறந்தது. மூடினார். மறுபடி திறந்தார்.

வீ...ல்!

"நூத்திப் பத்தொன்பது," கோடு போட்டார் கீழ்வீட்டுக்காரர்.

"யாருப்பா அங்க விளையாடறது?" போன் சீறியது.

மேடம்! அவன் எழுதும் ஒவ்வொரு வரியையும் அலசுபவர். மூன்று மணிக்குள் அவர் ஓகே சொல்லாவிட்டால் வேலை காலி. வேலை போனால், ஆபீஸ் மூலம் வரவிருந்த வெளிநாட்டு விசாவும் காலி!

மணி 2.40.

"மேடம், போலீஸ் வந்திருக்கு..."

"இருக்கட்டும். நாப்பத்திரெண்டாவது வரியைப் பாரு. தூங்கப் போறப்ப, மெமரில மிச்சமிருந்த சத்தத்தைத் துடைச்சியா?"

"...இல்ல மேடம்."

"முழிக்கறப்ப வால்யூம்?"

"ஃபுல்..."

"அப்புறம் கத்தாம தாலாட்டா பாடும்?"

அவசரமாக இரண்டு வரி சேர்த்தான். புதுசை ஏற்றினான். மூடினான். திறந்தான்.

நிசப்தம்!

"சாட்சியை அழிச்சுட்டான் சார்!" கீழ்வீட்டுக்காரர் குதித்தார்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார். "கையை நீட்டுடா!"

"சார், மூணு மணி வரைக்குமாவது..."

அப்போது... டிராயர் உறுமியது!

"பாம்!" மேஜைக்கடியில் பாய்ந்தார் இன்ஸ்பெக்டர்.

பாம் இல்லை. தொந்தரவு வேண்டாமென்று அவன் உள்ளே போட்டிருந்த சொந்த போன். நாற்பத்து மூன்று மிஸ்டு கால்! எடுத்தான்.

"அண்ணா! உயிரோட இருக்கியா?" தங்கையின் குரல் அறையைக் கிழித்தது. "எருமை! காலைல உன் பின்னாடி பால்கனிக் கம்பில ஒருத்தன் ஏறினான். அதைப் பாத்துதான் கத்தினேன். நீ பாட்டுக்கு மூடிட்டே!"

"ஆள் எப்படிம்மா இருந்தான்?" மேஜைக்கடியிலிருந்து இன்ஸ்பெக்டர்.

"வழுக்கை. பச்சை பனியன்!"

எல்லாத் தலைகளும் திரும்பின.

காலண்டர் தாள் நழுவி விழுந்தது.

"திருடத்தான் சார் ஏறினேன்!" கீழ்வீட்டுக்காரர் தேம்பினார். "அவ கத்தினதும் பயந்து இறங்கிட்டேன்ல? அதோட விட வேணாமா? ஒரு திருடனைப் பாத்து நூத்திப் பத்தொன்பது தடவையா கத்துவாங்க? தாங்க முடியாமத்தான் நானே போலீசைக் கூப்பிட்டேன்!"

விலங்கு கை மாறியது.

மணி 2.58.

"மேடம்...?" இளைஞன் ஆபீஸ் போன் பக்கம் குனிந்தான்.

போனில் ஒரு விசை தட்டும் சத்தம்.

"ரெண்டு வரியும் சரி. ஓகே!"

அவன் அப்படியே நாற்காலியில் சரிந்தான்.

கதவருகே இன்ஸ்பெக்டர் நின்றார். "தம்பி, அந்த அலறலை எங்கயாவது எடுத்து வச்சிருக்கியா?"

"மேடமுக்கு அனுப்பின ரிப்போர்ட்ல இருக்கு சார். ஏன்?"

"ஸ்டேஷனுக்கு ஒண்ணு அனுப்பு. இவன் இன்னும் நாலு வீட்டுத் திருட்டுக் கேஸை ஒத்துக்கணும்... இருநூறுல மிச்சம் எண்பத்தோரு தடவையை நாங்க பாத்துக்கறோம்!"